எட்டாம் நிலையத்துச் சேறு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
வெட்டாற்று முகத்துவாரம் தாண்டிப் போய்
கடலடியிடம் ஒரு கைப்பிடி கேட்டு வாங்குகிறோம்.
இரும்பு வாய் இறங்கும், கவ்வும், ஏறும்.
எண்ணெய்க் கிணற்றின் காலிலிருந்து
இருநூற்றைம்பது மீட்டர், ஐந்நூறு, ஆயிரம் என்று
விலகி விலகி ஒன்பது நிலையங்கள்.
பத்தாவது, யாரும் எதுவும் தோண்டாத இடம்;
ஒப்பீட்டுக்கென்று வரைபடத்தில் குறித்தது.
அங்கே மட்டும் வேதரத்தினம்
என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்பார்:
"தோண்டலன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

சேறு இந்தக் கடலுடையதும் அல்ல.
குடகில் கரைந்து மேட்டூரில் தங்கி
கல்லணையில் கிளை பிரிந்து
பம்புசெட்டு டீசல், யூரியா, நாகூரின் சோப்பு நுரை
எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும் கடைசிப் பேருந்து.
அதில் எது கிணற்றின் எண்ணெய்,
எது எவரோ கரையில் டிராக்டர் கழுவியது என்று
கண்ணாடிக் குப்பியிடம் கேட்பது என் வேலை.

பதினொரு காலாண்டாக ஒரே விடை:
கண்டறியும் எல்லைக்குக் கீழ்.
இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.
கருவிக்குப் பார்வை அவ்வளவுதான்.
அறிக்கையின் முகப்பில் அதையே
பாதிப்பு இல்லை என்று தடித்த எழுத்தில் போடுவார்கள்.

ஐப்பசியில், எட்டாம் நிலையத்தில்
எண் வந்தது.
ஜுலைகா அக்கா ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டு
வேறெதுவும் சொல்லாமல் இரண்டு முறை வாசித்தார்.
மறுநாள் காலை நிறுவனத்திலிருந்து ஒருவர்:
"இன்னொருதரம் ஓட்டிப் பாத்துடுங்க மேடம்."
சாயங்காலம் ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து இருவர்:
"ஒரே ஒரு ஜெராக்ஸ் மட்டும்."
இரண்டு தரப்புக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.
இரண்டு தரப்புக்கும் சொல்லாதது ஒன்றிருந்தது.

அன்று படகில் டீசல் குழாய் கசிந்தது.
வேதரத்தினம் கைலியைக் கிழித்துக் கட்டினார்.
அதே கையால் கயிற்றை இழுத்தார்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலா,
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலா?
நான் அப்போது படகின் மறுபக்கம் குனிந்து
வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன்.

துறையில் போய்க் கேட்டேன்.
நண்டு விலை இறங்கிய எரிச்சலில்
ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.
கழுவிய பெட்டியையே திரும்பவும் கழுவினார்.
"அந்த நம்பரு நிக்கணும்னு இந்த ஊர்ல
என்னைவிட ஆசப்பட்டவன் இல்ல.
ஆனா கசிஞ்சது எட்டுக்கு முன்னாடிதான்.
எழுதிக்க."

குறிப்பு என்ற கட்டத்துக்கு
இரண்டு விரல் அகலம்தான் விட்டிருக்கிறார்கள்.
பொடி எழுத்தில் எழுதினேன்.
கீழே: மாதிரி எடுத்தவர், இரா. செங்கமலம்.
நிறுவனம் உடனே நன்றி சொன்னது.
மறு மாதிரிக்கான பணம் தை கழித்து வரும் என்றது.
அதற்குள் ஆறு
ஒரு விரற்கடைப் புதுச் சேற்றைப் போர்த்திவிடும்.

இனிப் புழுக்கள்தான் பாக்கி.
எட்டாம் நிலையத்தில் கவ்விய இன்னொரு பிடி
ஃபார்மலினில் கிடந்தது.
சல்லடையில் அலசி, சாயம் ஏற்றி, ரோஜா நிறத்தில்
நூலைவிட மெலிந்தவற்றை
இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பிரிக்கிறேன்.
கேப்பிட்டெல்லா என்றொரு புழு உண்டு,
மற்றவை காலிசெய்த வீட்டில் குடியேறுவது.
அது செழித்தால் இடம் செழிக்கவில்லை.
முந்நூற்றுப் பதினேழு.
போன ஆடியில் பத்தொன்பது.

கைலித் துணியிலிருந்து புழு சொட்டாது.
ஆனால் சாக்கடை கலந்து வந்தாலும் இது பெருகும்;
அதையும் எழுதியாகவேண்டும்
அந்த இரண்டு விரல் அகலத்துக்குள்.

மணி ஒன்றரை.
ஒப்பீட்டு நிலையத்துக் குப்பியை
இன்னும் திறக்கவில்லை.